தடித்த உருண்டை எழுத்தின் குணபாடம்

முன்னோர் எவரும் தொடாத துறை இது என்றுதான் எல்லா ஆய்வேடும் தொடங்குகிறது. இதுவும் அப்படியே தொடங்கட்டும்.

ஓரத்தில் கொக்கி இல்லாமல், உடம்பு பெருத்து, முனை மழுங்கி நிற்பது தடித்த உருண்டை எழுத்து. லெட்ராசெட் நிறுவனம் வெளியிட்ட இவ்வகை எழுத்துரு ஒன்றுக்கு ஃபிராங்க்ஃபர்டர் என்று தொத்திறைச்சியின் பெயரையே வைத்தார்கள். நாம் முந்தியிருந்தால் பிடிகொழுக்கட்டை என்றிருப்போம்.

வகை: ஆபிஸ் மென்பொருளோடு கூடவே வரும் ஏரியல் ரவுண்டட் ஒன்று. 1979இல் வோக்ஸ்வேகன், ஆடி கார் விற்பனையகங்களுக்காகப் பிறந்து, பின்னாளில் ஆப்பிள் மடிக்கணினி விசைகளில் ஏறி உட்கார்ந்த விஏஜி ரவுண்டட் இன்னொன்று. மற்றவை ஒன்றுவிட்ட தம்பிகள்.

குணம் கபம். யாரையும் அதட்டத் தெரியாது. ‘கடன் கிடையாது’ என்று இதில் எழுதினால் ‘நாளைக்கு வாங்க’ என்றுதான் படும். ஐஸ்கிரீம் கடை, மழலையர் பள்ளி, பல் மருத்துவமனை மூன்றுக்கும் ஏற்றது. மூன்றுக்கும் வாடிக்கையாளர் ஒருவரே.

தோற்றம் பற்றிச் சொல்லும்போதுதான் அறிஞர் பெருமக்களோடு உரச வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்து ஏன் வளைந்தது? நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியுமாம். ஒருவர் சொன்னதை ஒன்பது பேர் அடிக்குறிப்பில் போட, அந்த ஒன்பதையும் பத்தாமவர் ‘அறிஞர் பலர்’ என்பார். ஐயா, ‘ட’வைப் பார்த்ததுண்டா? ஒரு நெடுக்கு, ஒரு கிடை. ‘ப’வில் கோடு மூன்று, மூன்றும் நேர். கிழியும் என்பது மெய்யானால், ‘பட்டப்படிப்பு’ என்று எழுதி முடிப்பதற்குள் ஏடு நாராகியிருக்கும். பட்டம் பெற்றவர்கள் அந்தச் சொல்லையாவது ஒருமுறை எழுதிப் பார்த்திருக்கலாம்.

முனை உருண்டதற்குக் காரணம் கருவி. பலகை வெட்டும் ரவுட்டரின் அலகு சுழன்றபடியே வெட்டும். நின்ற இடத்தில் அரைவட்டத்தை விட்டுப்போகும். சான்று: டீக்கடைப் பலகை, மேல்வரி. மேலும் காண்க: பரோட்டாக் கடை விலைப்பட்டியல், இடப்பத்தி, ‘சால்னா இலவசம்’ என்பதற்குக் கீழே, எண்ணெய்க் கறைக்கு வலப்புறம். மாற்றுக் கருத்துக்கு: அதே பட்டியலின் முந்தைய பதிப்பு. விலை ஏறியபோது ஒட்டிய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் மட்டும் கிடைக்கும். பாடபேதம் 2 ரூபாய். கல்லாவில் இருந்தவர் கையை எடுக்கச் சொன்னதால் மூன்றாம் பதிப்பை ஒப்புநோக்க முடியவில்லை.

பக்கவிளைவு: தடிமன் ஏற ஏற வயிறு அடைக்கும். ‘ன’வுக்குச் சுழி இரண்டு, ‘ண’வுக்கு மூன்று என்று வாத்தியார் காதைத் திருகிச் சொன்னதெல்லாம் இங்கே வீண், சுழிக்குள் காற்றுப் புகக்கூட இடமிருக்காது. எங்கள் தெரு ஃபிளெக்ஸில் ‘அண்ணன்’ இப்படித்தான் தட்டில் ஒட்டிக்கொண்ட நாலு இட்லியாக நிற்கிறார். அதில் இரண்டு இட்லிக்கு மேல் புள்ளி வேறு. ஏடெழுதியவர்கள் புள்ளியே வைக்காமல் விட்டுவிட்டுப் போனார்கள். நம் ஃபிளெக்ஸ்காரர் அந்தக் கடனையும் வட்டியோடு அடைக்கிறார்.

பத்தியம்: ஆய்வேட்டு அட்டைக்கு ஆகாது. இந்தத் தலைப்பை இதே எழுத்தில் அச்சடித்து நெறியாளரிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“காதுகுத்து என்னைக்குப்பா?” என்றார்.