பதினொரு பொருளும் ஒரு வாசகரும்

கே: விளம்பரக்காரர்கள் பத்திரிகை வாசகர்களை ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று தரம் பிரிக்கிறார்களாமே, எதை வைத்து?
– வாசகர், திண்டுக்கல்

ப: இரண்டே கேள்விகளை வைத்து. குடும்பச் செலவுக்கு அதிகம் கொடுப்பவர் எதுவரை படித்திருக்கிறார்? பதினொரு பொருள்களில் எத்தனை அந்த வீட்டில் இருக்கின்றன? 2011-இல் வந்த முறை இது. மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏ.சி., விவசாய நிலம். பட்டியல் அவ்வளவுதான், புத்தகம் அதில் இல்லை! சோப்பு விற்க இந்தக் கணக்கு போதும். ஒருவருடைய ரசனையைச் சொல்ல இதற்கு எந்தத் தகுதியும் கிடையாது.

கே: வசதியானவர்கள்தான் ஆழமாக வாசிக்கிறார்கள் என்கிறான் என் நண்பன்.
– வாசகி, தேனி

ப: எழுத்தாளர் ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மேலே சொன்ன தரப் பிரிப்பில் அவர் எந்தக் கட்டத்தில் விழுந்திருப்பார் என்று நண்பரிடம் கேளுங்கள்.

கே: ஜனரஞ்சக வார இதழ் படிப்பவர்களுக்குக் கனமான விஷயம் பிடிக்காதுதானே?
– வாசகர், கும்பகோணம்

ப: ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966-இல் வெளிவந்தது சிற்றிதழில் அல்ல, ஆனந்த விகடனில். துணுக்கும் தொடர்கதையும் படித்தவர்கள்தான் அதையும் படித்தார்கள், அதற்காகச் சண்டையும் போட்டார்கள். ‘இவர்களுக்கு இது போதும்’ என்று முடிவு கட்டுகிற ஆசிரியர், தன் வாசகரை அவமதிக்கிறார்.

கே: சலூனில் ஓசிப் பத்திரிகை படிப்பவரும் வாசகரா?
– வாசகர், ஈரோடு

ப: சந்தேகமே வேண்டாம். வாசகர் கணக்கெடுப்பில் எண்ணுவது படித்தவர்களை; வாங்கியவர்களை மட்டுமல்ல.

கே: புத்தகம் வாங்க எனக்கு வசதியில்லை. என்னை வாசகன் என்று சொல்லிக்கொள்ளலாமா?
– வாசகர், விருதுநகர்

ப: தாராளமாக. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. எந்தப் புத்தகக் கடையின் விற்பனைக் கணக்கிலும் அவர்கள் வரமாட்டார்கள். இன்னொன்று: 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஊர் நூலகத்துப் புத்தகங்கள் நம் எல்லோருடைய காசிலும் வாங்கியவை. நீங்கள் தேடும் புத்தகம் அங்கே இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். கேட்பது உங்கள் உரிமை.