சென்னை–கொழும்பு ஆகாய மார்க்கம்: ஒரு கால தேச விசாரணை

சென்னையிலிருந்து கொழும்புக்கு எவ்வளவு தூரம், ஆகாய விமானத்தில் போய்ச் சேர எவ்வளவு நேரம் என்னும் இரு கேள்விகளும் ஒன்றையொன்று தழுவி நிற்பவை என்றும், தூரமும் வேகமும் தெரிந்தால் காலம் தானே கிடைத்துவிடும் என்றும் பாமரர் முதல் பண்டிதர் வரை யாவரும் நம்பி வருகின்றனர். இந்தப் பூர்வபக்ஷத்தைக் கண்டனம் செய்வதே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனம்.

தூரத்தைப் பற்றி விவாதமில்லை. சென்னை விமான நிலையமிருக்கும் மீனம்பாக்கமும் கொழும்பு விமான நிலையமிருக்கும் கட்டுநாயக்காவும் கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையை ஒட்டி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அமைந்தவை. இடைவெளி ஏறத்தாழ 645 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் ஜெட் விமானம் இதை ஐம்பது நிமிஷத்துக்குள் கடந்துவிட வேண்டும் என்பது அநுமானப் பிரமாணம். டிக்கெட்டாகிய ஆப்தவாக்கியமோ ஏறக்குறைய ஒன்றரை மணி என்கிறது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை இங்கே எடுத்த க்ஷணம் முதல் அங்கே மறுபடி கட்டை வைக்கும் க்ஷணம் வரை எண்ணுவது விமானக்காரர்களின் சம்பிரதாயமாகையால், ஓடுபாதையின் தலைப்பில் நாலைந்து விமானங்களுக்குப் பின்னால் ஊர்ந்து நிற்பதும் பிரயாண காலமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, வரக்கூடிய தாமதத்துக்கென்று சில நிமிஷங்களை முன்கூட்டியே சேர்த்தும் வைக்கிறார்கள். ஆகவே தாமதமாகக் கிளம்பிய விமானம்கூடக் குறித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிட, பிரயாணிகள் அதற்காகச் சந்தோஷப்பட்டு, பெல்ட் அணியச் சொல்லும் விளக்கு அணைவதற்குள் எழுந்து மேல்தட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கழுத்தைச் சாய்த்து நிற்கின்றனர்.

இதனினும் வலிய பிரமாணம் இலங்கையின் சரித்திரத்தில் கிடைக்கிறது. மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு அந்நாட்டு அரசாங்கம் 1996 மே மாதத்தில் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளி, அவ்வாண்டு அக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்து, எஞ்சிய அரை மணியை 2006 ஏப்ரலில்தான் விட்டுக்கொடுத்தது. அந்த 1996 கோடையில் ஒருவர் ஒன்றேகால் மணிப் பிரயாணமாகச் சென்னையில் பத்து மணிக்குப் புறப்பட்டால், கொழும்புக் கடிகாரத்தில் பன்னிரண்டேகாலுக்கு இறங்குவார். அங்கே ஒரு மணிக்கு ஏறினால், சென்னையில் ஒன்றேகாலுக்கே வந்து நிற்பார். கடிகாரத்தையே பிரமாணமாகக் கொள்வோமானால், அவர் திரும்பி வந்த வேகம் மணிக்கு 2,580 கிலோமீட்டர். கான்கார்டு விமானமே வழக்கமான பிரயாணத்தில் 2,200 கிலோமீட்டரை எட்டவில்லை என்பதை இங்கே ஒப்புநோக்குக.

யாழ்ப்பாணத்தார் விஷயம் இன்னும் நுட்பமானது. சென்னையையும் கட்டுநாயக்காவையும் இணைத்து நேர்கோடு வரைந்தால், அது யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலேயே போகும். யுத்தத்தால் அவ்வூரின் பலாலி விமான நிலையம் வெளிநாட்டு விமானங்களுக்கு அடைபட்டிருந்த காலத்தில், சென்னையிலிருந்து ஊருக்குப் போக வேண்டியவர் ஊரைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, பஸ்ஸிலோ ரயிலிலோ வந்த வழியே வடக்கு நோக்கித் திரும்ப வேண்டியிருந்தது. அதாவது, அண்மையிலிருந்த ஊர் தொலைவிலிருந்த ஊரைவிடத் தூரமாயிற்று. 2019 நவம்பரில் சென்னை–பலாலி விமானப் போக்குவரத்துத் தொடங்கி, இடையே தொற்றுநோயால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. இங்கே தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டரே. எனினும் பறப்பது விசிறி வைத்த ஏடிஆர் விமானமாகையால், கொழும்புக்காகும் நேரத்தில் பாதி போதும் என்று எண்ணிவிடலாகாது, கிட்டத்தட்ட அவ்வளவே பிடிக்கிறது. இந்த முரண்பாட்டைக் குறித்துப் பலாலியில் இறங்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் எவரும் ஆட்சேபம் எழுப்பியதாக நாம் கேள்விப்படவில்லை.