மங்கள்யானுக்கு அளந்தீர்கள், என் வண்டிக்கும் அளந்து சொல்லுங்கள்

பெறுநர்: இயக்குநர் அவர்கள், சதீஷ் தவான் விண்வெளி மையம், ஸ்ரீஹரிகோட்டா.

பொருள்: பிக்கப் வண்டியின் டீசல் முள் குறித்துப் பணிவான விண்ணப்பம்.

ஐயா,

நாயுடுபேட்டையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் ராக்கெட் விடும்போதெல்லாம் மொட்டைமாடியில் நின்று கைதட்டுகிறவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு உதவி.

கூடூர் எலுமிச்சையைக் கோயம்பேட்டுக்கு ஏற்றிப்போகும் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். டீசல் போட்டதும் அதன் முள் பாதி காட்டும். சூலூர்பேட்டை தாண்டினால் முக்கால், தடாவில் முழு டேங்க். கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் தேசத்தில், ஓட ஓட டீசல் ஊறும் வண்டி இது ஒன்றுதான். ஹெட்லைட்டைப் போட்டால் மட்டும் முள் பொத்தென்று விழுந்துவிடும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் மீட்டர் போர்டையே மாற்றணும் என்றார்கள். மங்கள்யானை 450 கோடியில் முடித்த உங்களிடம் அந்த எஸ்டிமேட்டைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது.

ரோட்டோர மெக்கானிக் கம்ப்யூட்டரைத் தேடவில்லை. "லைட்டு போட்டா முள்ளு விழுதுன்னா எர்த்து சரியில்லண்ணா" என்று வயர் முனையைச் சுரண்டி இறுக்கினார், அது சரியாயிற்று. பிறகு டீசல் அளவை முள்ளுக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை வைத்து, மிதவையின் கையை மெல்லத் தூக்கினார். எண் சீராக மாறிக்கொண்டே வந்து, பாதி டேங்க் இடத்தில் கண்டபடி தாவியது. மிதவை அதிகம் குடியிருந்த இடம் அதுதானாம். உரசி உரசி அங்கேதான் யூனிட்டுக்குள் இருக்கும் தடம் தேய்ந்திருக்கிறது. (முழு டேங்க் போட எனக்கு என்றைக்கு வசதிப்பட்டது?) புது யூனிட்டுக்குச் சொல்லியிருக்கிறது. அதுவரை என்ன செய்வது?

விண்வெளியில் மிதவை வேலைக்காகாது. ஆகவே இஞ்சின் எவ்வளவு நேரம் எரிந்தது என்று கணக்கெழுதி, இருப்பிலிருந்து கழிக்கிறீர்கள். தொட்டியின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துச் சரிபார்க்கிறீர்கள். கணக்குப் போட்டது பெங்களூர் ஆபீஸ் என்று கைகாட்டிவிடாதீர்கள். 2013 நவம்பர் 5 அன்று 852 கிலோ எரிபொருளோடு மங்கள்யான் கிளம்பியது உங்கள் வாசலிலிருந்துதான். ஆறு மாத வேலைக்குப் போனது, எட்டு வருஷம் செவ்வாயைச் சுற்றியது. 2022இல் தொடர்பு அறுந்த பிறகு இஸ்ரோ வந்து சேர்ந்த முடிவு, எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டும் என்பது.

"தீர்ந்திருக்கணும் ஓனர்" என்றுதான் என் டிரைவரும் நடுராத்திரியில் போன் செய்கிறார். அவருக்குக் கிடைப்பது திட்டு. உங்களுக்கு நாடே வணக்கம் வைத்தது.

காய்ந்த டீசல் வண்டிக்கு டீசலை ஊற்றினால் மட்டும் போதாது. லைனில் காற்று ஏறியிருக்கும். கைப்பம்பை அமுக்கி அமுக்கி ஏர் லாக் எடுக்கணும். அதற்குள் கோயம்பேட்டில் விடிகாலை வியாபாரம் முடிந்து, எலுமிச்சை ஊறுகாய்க்காரர் கேட்ட விலைக்குப் போகும்.

என் கோரிக்கை சிறியது. கிலோமீட்டரை எழுதி, குடித்த டீசலைக் கழிக்கும் உங்கள் கணக்கை என் டிரைவருக்கு ஒரு மணி நேரம் சொல்லித்தர ஒரு விஞ்ஞானியை அனுப்புங்கள். நான் கேட்டால், டீசல் திருடுவதாகச் சந்தேகப்படுகிறேன் என்று முகத்தைத் தூக்கிக்கொள்கிறார். நீங்கள் கேட்டால் அது விஞ்ஞானம்.

பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம். 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தடாவுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, இடதுபக்கம் நிற்கும் எலுமிச்சை வண்டி என்று போட்டால் வந்து சேரும். வருகிறவர் கையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றும் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
பிக்கப் உரிமையாளர், நாயுடுபேட்டை