உள்ளிட்டோர்

வா மருமகனே, உக்காரு. கையில டைரி, சட்டைப் பையில ரெண்டு பேனா, கழுத்துல அடையாள அட்டை. பாக்கவே கண்ணு குளுருதுடே. பகுதி நேர நிருபர்னா சும்மாவா? சம்பளம்தான் பகுதி. வேலையும் வசவும் முழு நேரம்.

உங்க அம்மா போன் போட்டு, "அண்ணே, அவனை யாரோ மைதானத்துல வச்சு ஏசிட்டாகளாம், நீதான் புத்தி சொல்லணும்"னா. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல முப்பது வருசம் பேப்பர் ஏஜென்டா இருந்தவன் நான். அந்தக் காலத்துல பாதி ஊர்ல ஏஜென்ட்தான் நிருபரும். நான் எழுதினத நானே வித்து, நானே வசவு வாங்கிக்கிடணும். அதனால இந்த வித்தை எனக்கு அத்துபடி.

முதல்ல உன் தப்பச் சொல்லிருதேன். மாவட்ட ஹாக்கிக்கு நீ மைதானத்துக்கே போயி, வெயில்ல நின்னு, யாரு கோல் போட்டான்னு குறிச்சுட்டு வந்தியாமே? ஆட்டத்தப் பாக்கச் சொல்லி யாருடே சொன்னது? ஆட்டம் தொடங்குறதுக்கு முந்தியே செய்தி வாட்ஸ்அப்புல வந்து விழுந்திருமே! தாளாளர் தலைமை தாங்கினார், முதல்வர் முன்னிலை வகித்தார், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பந்தை அடித்துத் தொடங்கி வைத்தார், உடற்கல்வி ஆசிரியர் வரவேற்றார், இன்னார் நன்றி கூறினார். கடைசி வரியில, "மாணவர்கள் உள்ளிட்டோர் கலந்துகொண்டனர்."

இந்த 'உள்ளிட்டோர்' இருக்கே, அதுக்கு ஒரு கோயிலே கட்டலாம். பதினெட்டுப் புள்ளைகள மட்டையோட முழுங்கிட்டு ஒரு ஏப்பம் கூட விடாது. பந்துக்குப் பின்னால ஓடினவன் உள்ளிட்டோர். பந்தலுக்குள்ள உக்காந்து சோடா குடிச்சவருக்கு இனிஷியலோட பேரு. நீ அத மாத்தி எழுதினா ஏசத்தான் செய்வாக.

ஒண்ணு கேளு. இனிஷியலத் தொடுறப்ப பாம்பத் தொடுற மாதிரி தொடணும். நம்ம ஆளுகளுக்கு இனிஷியல்ங்கறது எழுத்து இல்ல, அப்பன். எம். கார்த்திக்கை என். கார்த்திக்னு போட்டீன்னா அச்சுப் பிழைன்னு எவனும் சொல்ல மாட்டான். ஒரு குடும்பத்துக்குள்ள பஞ்சாயத்தக் கிளப்பி விட்டவன் ஆயிருவ. ஒரு தடவை நான் அப்படிப் போட்டுட்டு மூணு நாளு கடையத் தொறக்கல. நாலாம் நாள் தொறந்தா, அந்த அப்பன் முதல் ஆளா நிக்கான். "யாருவே அந்த என்?"னான். என்னத்தச் சொல்ல?

பெத்தவுக சங்கதிக்கு வருவோம். 2022 ஆசியக் கோப்பை ஹாக்கிக்கு இந்திய அணியில நம்ம மாரீஸ்வரன் சக்திவேலும், இங்கன விடுதியில தங்கி ஆடிப் பழகின அரியலூர் கார்த்தியும் ஜகார்த்தாவுக்குப் போயி வெண்கலத்தோட வந்தாங்க. நல்ல காரியம், ஊருக்கே பெருமை. ஆனா அன்னையிலருந்து இங்க மட்டையத் தூக்கின ஒவ்வொருத்தன் வீட்டுலயும் ஒரு மாரீஸ்வரன் இருக்கான்னு அவங்க அம்மைக்குத் தோணிருச்சு. பேப்பர்ல பேரு வந்தா இந்திய அணித் தேர்வுக்குழு காலையில காப்பி குடிச்சுக்கிட்டே தூத்துக்குடிப் பக்கத்தப் புரட்டும்னு நினைப்பு. நீ சிரிக்காத. இன்ஜினியரிங்ல விளையாட்டுக்கு 500 சீட்டு, அரசு வேலையில 3 சதவீதம் இருக்குல்லா? அதுக்குச் சான்றிதழ்தான் செல்லும், பேப்பர் கட்டிங் செல்லாதுன்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டாக. லேமினேஷன் போட்டு ஃபைலுக்குள்ள முதல் பக்கமா வைப்பாக. வச்சுட்டுப் போகட்டும். பத்திரிகைக்காரன் எழுதினத லேமினேஷன் போடுறவுக உலகத்துலயே அவுக மட்டுந்தான். மத்தவுக வடைக்கு அடியில வைக்காக.

எல்லாத்துலயும் பாவப்பட்டது கோல்கீப்பரோட அம்மா. கோல் போட்டவன் பேரு வரும். கோல்கீப்பர் பத்து பந்தத் தடுத்தா பேரு வராது, ஒண்ண விட்டா வரும். அவ கேக்குற கேள்விக்கு உங்க தலைமை அலுவலகத்துலயும் பதில் கிடையாது.

இன்னொரு வகை இருக்காக. "பேரு போடுங்க, வயசு மட்டும் போட்டுராதீங்க"ம்பாக. ஏன்னு கேட்டுராத. 14 வயசுக்குட்பட்டோர் போட்டியில ஆடுறவனுக்கு முறுக்கின மீசை இருக்கும். நீ பாட்டுக்கு "பிளஸ் ஒன் மாணவர்"னு எழுதித் தொலைச்சா, தோத்த பள்ளிக்கூடத்துக்காரன் அந்தக் கட்டிங்கத் தூக்கிட்டு முறையீட்டுக்குப் போயிருவான். பேப்பர் கட்டிங் செல்லுபடியாகுறது அந்த ஒரு இடத்துலதான்.

அடுத்து பி.டி. சார், கோச் எல்லாரும். அவுக மேல எனக்கு மரியாதை உண்டு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, சொந்தக் காசுல முட்டை வாங்கிக் கொடுத்து புள்ளைகள ஓட விடுற கோச்சு நம்ம ஊர்ல இருக்கார். அவரு உன்கிட்ட வரவே மாட்டார், எழுதி வச்சுக்கோ. வாறவுக வேற. ஒன்பது கோல் வாங்கித் தோத்தா "நூலிழையில் வெற்றியைத் தவறவிட்டது"ன்னு எழுதச் சொல்லுவாக. ஒன்பது கோல்னா நூல் இல்லடே, தேர் வடம். நீ "போராடித் தோற்றது"ன்னு போட்டு நிறுத்திக்கோ. எப்படியும் எல்லாரும் ஓடத்தான செஞ்சாங்க, பொய்யில்ல.

வாறவுக கையில ஒரு பொட்டலம் இருக்கும். 2020-ல புவிசார் குறியீடு வாங்கினதுலருந்து நம்ம ஊரு கடலைமிட்டாய்க்கு மிடுக்கு கூடிப்போச்சு. "சார், சும்மா வீட்டுக்கு"ன்னு நீட்டுவாக. வேண்டாம்னு சொல்லாத, மூஞ்சி வாடிரும். வாங்கி, அங்கனயே பிரிச்சு, மைதானத்துல நிக்கிற ரெண்டு டீம் புள்ளைகளுக்கும் ஆளுக்கொண்ணு கொடுத்துரு. முக்கியமா எதிர் டீமுக்கு முதல்ல. கொண்டாந்தவர் அப்புறம் உன் பக்கமே வர மாட்டார்.

இப்பச் சொல்லப்போறது நான் யார்ட்டயும் சொல்லாதது. நீயும் சொல்லிக்கிடாத.

மண் மைதானமா இருந்த காலம். ஒரு பள்ளிக்கூட இறுதிப்போட்டி, கடைசி நிமிசத்துல பெனால்டி ஸ்ட்ரோக். கோல்கீப்பருக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவுல 6.4 மீட்டர். ஒன்பதாப்புப் பையன் அடிச்சான், பந்து கம்பத்துக்கு வெளிய போயிருச்சு. நான் அன்னைக்குப் பெரிய எழுத்தாளன்னு நினைப்புல, அவன் பேரு, இனிஷியல், வகுப்பு எல்லாம் சரியாப் போட்டு, "இவர் கோட்டைவிட்டதால் கோப்பை கைநழுவியது"ன்னு எழுதினேன். ஒரு பிழை கிடையாது. மறுநாள் காலையில என் கடைக்கு வந்த நாற்பது பேப்பரும் ஆறரை மணிக்கே தீந்துபோச்சு. ஒரே ஆளு, மொத்தமா வாங்கினாரு, சில்லறையா எண்ணிக் கொடுத்தாரு. நானும் கல்யாணமோ காதுகுத்தோன்னு நினைச்சு, சிரிச்சுக்கிட்டே கட்டுக் கட்டிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அது அந்தப் பையனோட அப்பா. ஊர்ல யாரும் படிச்சிரக் கூடாதுன்னு வாங்கியிருக்காரு. என் கடையில வாங்கினாரு, சரி. பஸ் ஸ்டாண்டுல இன்னும் ரெண்டு கடை இருந்துச்சே.

நீ பெரியவுக ஆடுற ஆட்டத்துல எவன் பேரையும் போட்டு எப்படியும் கிழி. மே மாசம் லட்சுமி அம்மாள் கோப்பைக்கு வெளியூர்லருந்து வாற சம்பளக்கார ஆட்டக்காரன் கோட்டைவிட்டா கோட்டைவிட்டான்னே எழுது, அவன் தாங்குவான். பள்ளிக்கூடத்துப் புள்ளை போட்ட கோலுக்குப் பேரு போடு. விட்ட கோலுக்கு 'அணி'ன்னு போடு. உங்க டெஸ்க்குல, "யாருய்யா விட்டது, பேரு இல்லையே"ன்னு கேட்டா, நோட்டுல மழை பட்டு அழிஞ்சிருச்சுன்னு சொல்லு. கோவில்பட்டியில மழையான்னு அவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பக்கம் அச்சுக்குப் போயிரும்.

தாளாளர் பேர எடுத்தா விளம்பரம் போயிருமேன்னு பயப்படாத. அவரு பேர மேல போடு, போட்டோவும் போடு. ஆனா அந்த 'உள்ளிட்டோர்' இருக்குல்லா, அத மட்டும் கீழருந்து மேல கொண்டு போயிரு. புள்ளைக பேரெல்லாம் எழுதி முடிச்சுட்டு, "தாளாளர், முதல்வர் உள்ளிட்டோர் பாராட்டினர்". ஒரு நாளாவது அது பெரியவுகள முழுங்கிப் பாக்கட்டும்.

ஏசினது யாருன்னு உங்க அம்மா சொல்லல, நான் விசாரிச்சுட்டேன். தோத்த டீமு கோல்கீப்பரோட அம்மாவாம். எட்டு பந்தத் தடுத்தாளாம் மகள், அவ விட்ட ரெண்ட மட்டும் நீ எழுதினியாம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு கிருஷ்ணா நகர் மைதானத்துக்கு அந்தப் புள்ளை வருவா. போயி பேரக் கேட்டு எழுதிக்கோ. இனிஷியலையும் சேத்து.