பவர் பேங்க்கில் ஒரு சைக்கிள்காரர்: மூலபாட ஆராய்ச்சி

ஆய்வுப்பொருள் கிடைத்த இடம் ஹைதராபாத் கொண்டாப்பூரில் நம்மூர்ப் பையன்கள் நிறைந்த ஓர் ஆண்கள் விடுதி. கறுப்பு நிற பவர் பேங்க். முகப்பில் 10,000 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்து. மறுபக்கத்தில் யாரோ ஒரு கைதேர்ந்தவர் பெயிண்டில் ஒரு சைக்கிள்காரரை வரைந்திருக்கிறார். மடித்துக் கட்டிய வேட்டி, மஞ்சள் பனியன், கேரியரில் மூட்டை. பெல் உண்டு, பிரேக் இல்லை. சார்ஜ் அளவைக் காட்டும் நான்கு நீலப் புள்ளிகள் முன்சக்கரத்தின் வழியில் ஜல்லிக்கற்களாகக் கிடக்கின்றன. இவருக்கு இங்கே என்ன வேலை என்பதே வினா.

அழகுக்காக என்பார் ஒரு சாரார். அற்றன்று, அழகுக்கென்றால் மயில் போதும். ஓவிய மரபு என்பார் இன்னொரு சாரார். 1912இல் பாரிஸில் ழான் மெட்சிங்கர் சைக்கிள் பந்தயத்தை வரைந்தார். 1913இல் இத்தாலியின் பொச்சியோனியும் ரஷ்யாவின் கொஞ்சரோவாவும் ஆளுக்கொரு சைக்கிள்காரரை வரைந்தார்கள். அவர்களுக்கு வேகமே பொருள். கால் எது சக்கரம் எது என்று பார்க்கிறவர்தான் தேடிக்கொள்ள வேண்டும். நம்மவர் மூட்டையோடு போகிறவர், அவசரமில்லை. உரையாசிரியர் நச்சினார்க்கினியராக இருந்தால் பாரிஸையும் கொண்டாப்பூரையும் எப்படியாவது கொண்டுகூட்டியிருப்பார். நம்மிடமுள்ள கேபிள் அவ்வளவு நீளமில்லை.

நம் கருதுகோள் வேறு: இது அலங்காரமன்று, அளவுகோல். லித்தியம் செல்லின் அழுத்தம் 3.7 வோல்ட். அதை 10,000 எம்.ஏ.எச்சால் பெருக்கினால் 37 வாட்-அவர். சாதாரண உடம்புக்காரர் ஒருவர் விடாமல் மிதித்தால் 100 வாட் வரை தருவார். ஆக, பெட்டிக்குள் இருப்பது இவருடைய 22 நிமிட வேர்வை, அவ்வளவே. இந்தப் பெட்டியை ஒருமுறை காலிசெய்தால், அதே உழைப்பில் மூட்டையோடு ஒருவர் நாலைந்து கிலோமீட்டர் போயிருப்பார் என்ற கணக்கு எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

பழைய டைனமோவை வைத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். டயரில் உரசிச் சுற்றும் அந்தக் குப்பி தருவது 6 வோல்ட், 3 வாட். அதைக் கொண்டு இந்தப் பெட்டியை நிரப்ப, துளியும் வீணாகாவிட்டாலும், 12 மணி நேரத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். டைனமோவைச் சாய்த்த கணத்தில் பெடல் கனத்துப்போவதை ராத்திரியில் சைக்கிள் ஓட்டியவர்கள் அறிவார்கள். மின்சாரத்தின் விலையை முழங்காலில் கட்டிய தலைமுறை அது. நம் ஓவியர் டைனமோ வரையவில்லை. மூட்டையே போதும் என்று இரக்கப்பட்டிருக்கலாம்.

கள ஆய்வுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொண்டாப்பூருக்குப் பக்கத்திலேயே நானக்ராம்குடா. அங்கிருந்தும் நார்சிங்கியிலிருந்தும் வெளிவட்டச் சாலையோரம் போகும் 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை 2023 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. கூரை முழுக்க சோலார் பலகைகள். திறன் 16 மெகாவாட். நல்ல வெயிலில் அந்தக் கூரை சும்மா கிடந்து செய்யும் வேலையைக் கீழே செய்து காட்ட ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் மூச்சிரைக்க மிதிக்க வேண்டும். மிதிக்கிறவர்களோ ஒரு வாட்கூடத் தருவதில்லை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை கலோரி என்று போனில் பதிந்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் அந்தப் போனை சார்ஜில் போடுகிறார்கள்.

இனி அந்த 10,000. அது செல்லுக்குள் இருக்கிற கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டாக ஏற்றித் தரும்போதே அது 7,400 ஆகிவிடும். சூடாகிப் போவதையும் கழித்தால் கைக்கு வருவது ஆறாயிரத்தை ஒட்டி. கம்பெனிக்காரர்கள் இதை மறைப்பதில்லை, பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் மொத்தமும் பிடித்தமும் படித்துப் பழகிய விடுதிவாசிகளுக்கு இதில் அதிர்ச்சியில்லை.

நம் பிரதியிலும் அந்த எறும்பு வரி இருந்திருக்கிறது. சரியாக அதன்மேல்தான் பின்சக்கரம் ஏறி நிற்கிறது. டயருக்கு வெளியே தெரிவது இரண்டு சுழியும் ஓர் இலக்கத்தின் வாலும் மட்டுமே. முதல் இலக்கம் 5 என்பது என் பாடம், 6 என்பது அறைத்தோழர் பாடம். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு டயரை லேசாகத் துடைத்தால் தெரிந்துவிடும் என்று மூன்றாம் கட்டில்காரர் யோசனை சொன்னார். உரிமையாளர் சம்மதிக்கவில்லை, பவர் பேங்க்கைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.