நிற்கும் புள்ளிகள்: தடையும் விடையும்

சுழல்வது எதுவோ அதுவே நிற்கிறது என்றால் வேதாந்தம் என்று ஒதுக்கிவிடுவோம். 1979-இல் ஜப்பானின் மட்சுஷிட்டா வெளியிட்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் அதைக் கண்ணாலேயே காட்டிவிடும். அதன் தட்டு விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள். பவர் சுவிட்சைத் திருகினால் அதனடியிலிருந்து சிவப்பு வெளிச்சம் அவற்றின்மேல் சாய்ந்து விழும். வேகம் சரியானதும் பெரும்புள்ளி வரிசை அப்படியே நிற்கும். மற்ற மூன்றும் ஊர்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கக் குனிந்த இசைப்பிரியர் நிமிர்வதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது என்பது கள ஆய்வில் தெரிந்தது.

புள்ளி ஆராய்ச்சிக்கு மின்சார வரலாறு இன்றியமையாதது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஓசாகா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கின. விளைவு, கிழக்கு ஜப்பானில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்தே வேகம் பிடிக்கும் பெல்ட் பிளேயரோடு ஓசாகாவிலிருந்து டோக்கியோவுக்குக் குடிபோனவர் மோட்டார் கப்பியை மாற்ற மறந்தால் பாடகிக்கு ஆண்குரல் வந்துவிடும். தட்டை நேரே மோட்டாரின் தலையிலேயே ஏற்றி, மோட்டாரையும் மின்னணுக் கட்டுப்பாட்டில் வைத்த எஸ்பி-10 என்னும் டைரக்ட் டிரைவ் (1970) இந்தத் தொல்லையை ஒழித்தது.

புள்ளித் தொல்லை ஒழியவில்லை. புள்ளிகளின்மேல் வெளிச்சம் போட வீட்டு மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு 60 ஹெர்ட்ஸில் நொடிக்கு 120 முறையும் 50-இல் 100 முறையும் மினுக்கும். ஒரு மினுக்கலுக்கு ஒரு புள்ளி நகர்ந்தால்தான் வரிசை நிற்பதாகத் தோன்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஓசாகாவுக்கு 216 புள்ளி, டோக்கியோவுக்கு 180; வழக்கில்லை. 45 சுற்றுக்கு ஓசாகாவில் 160 புள்ளி. டோக்கியோவிலோ 133⅓. மூன்றில் ஒரு புள்ளியை விளிம்பில் எப்படிக் குத்துவது? பின்னத்தைத் தள்ளி 133 என்று வைத்தால், புள்ளி நிற்கும்போது தட்டு 45.11 சுற்றில் ஓடும். மூன்று நிமிடப் பாட்டு ஏறக்குறைய அரை நொடி முந்தி முடியும். ஓசாகாக்காரர்களே அவசரக்காரர்கள் என்பது ஜப்பானிய ஊர்ப்பேச்சு. புள்ளிக் கணக்கு அதை மறுக்கிறது. மட்சுஷிட்டாவின் தலைமையகம் ஓசாகாவை ஒட்டிய கதோமாவில் இருந்ததையும் இங்கே கருதுக.

எம்கே2 இந்த வம்பையே அறுத்தது. மோட்டாரை ஆள்வதும் குவார்ட்ஸ் படிகத்தின் சீரான அதிர்வு, விளக்கை மினுக்க வைப்பதும் அதே குவார்ட்ஸ்.

தடை: அப்படியானால் சாட்சியும் பிரதிவாதியும் ஒரே வீட்டுச் சோற்றைத் தின்பவர்கள் அல்லவா? புள்ளி நிற்பது வேகம் சரி என்பதைக் காட்டுமா, இருவரும் பேசிவைத்துக்கொண்டதைக் காட்டுமா?

விடை: குவார்ட்ஸ் பொய் சொல்லாது என்க.

இன்னொரு தடையும் உண்டு. இந்தப் பிளேயரின் வேக ஊசலாட்டம் 0.025 சதவீதம் என்று பெருமையாகக் குறித்திருக்கிறார்கள். ஆனால் இசைத்தட்டின் நடுத்துளை 0.2 மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தாலே போதும், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கும் பாட்டு 0.2 சதவீதம் ஏறி இறங்கும். அப்போதும் புள்ளி கல்லாய் நிற்கும்.

இதை ஓர் உரிமையாளர் முன் வைத்தேன். அவர் இசைத்தட்டை எடுத்து உறைக்குள் போட்டுவிட்டு, வெறும் பிளேயரைச் சுழலவிட்டு, "இப்போ சொல்லுங்க சார், எங்கே குறை?" என்றார்.