மின்கம்ப நிழலில் வரிசை கொள்ளும் முறைமை: ஒரு களஆய்வு

தமிழர் வரிசையில் நிற்கமாட்டார் என்பது பெரியோர் பலர் ஒப்புக்கொண்ட கொள்கை. ரேஷன் கடை, டிக்கெட் கவுண்டர், கல்யாணப் பந்தி எனச் சான்றுகள் ஏராளம். அக்கொள்கையை மறுக்கவே இக்கட்டுரை. சித்திரை மாதத்தில், சென்னையில் கிழமேற்காக ஓடும் ஏதாவதொரு சாலையின் பேருந்து நிறுத்தத்தைக் காண்க. ஒரு மின்கம்பம் இருக்கும். அதன் நிழலில், யாரும் சொல்லாமலே, ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். தள்ளுமுள்ளு இல்லை, போலீஸ் இல்லை, கயிறும் இல்லை.

பக்கத்திலேயே ‘பயணியர் நிழற்குடை’ உள்ளதே எனலாம். பெயரில் நிழலும் குடையும் சேர்ந்தே இருப்பதால் எழும் மயக்கம் அது. காலையில் அதன் நிழல் மேற்கே தள்ளி விழுகிறது; அங்கே பைக்குகள் இளைப்பாறுகின்றன. உள்ளிருக்கும் எவர்சில்வர் இருக்கையில் உட்கார்ந்தவர் எழுந்த வேகம் தனிக் கட்டுரைக்கு உரியது.

இனி அளவை. கம்பம் 30 அடி என்று கொள்வோம். ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் கடக்கிறது. அன்று காலை 9 மணிக்கு நிழலும் ஏறக்குறைய 30 அடி. பதினைந்து பேர் தாராளமாக நிற்கலாம். 10 மணிக்கு 18 அடி, ஒன்பது பேர். 11 மணிக்கு 9 அடிகூடத் தேறாது; நால்வர், அதுவும் முன்பின் பழக்கம் இருந்தால். 12.07 வாக்கில் நிழல் கம்பத்தின் காலடிக்குள் போய்விடும்.

நிற்போர் அடிநிழலார், இடைநிழலார், கடைநிழலார் என மூவகையர். அடிநிழலாருக்கே கருநிழல் வாய்க்கும். சூரியன் புள்ளியன்று, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. ஆதலால் கம்பத்திலிருந்து தூரம் கூடக்கூட நிழலின் ஓரம் கரைகிறது. கடைநிழலார் பெறுவது டிகாக்‌ஷன் குறைந்த காபி போன்ற நிழல்.

அடிநிழலாரும் தப்பியவரல்லர். கம்பத்தின் அகலம் ஒரு சாண். மனிதரின் அகலம் இரண்டு சாண், கல்யாணமாகிச் சில ஆண்டு போனால் இரண்டரை. மூக்கு பிழைக்கும், தோள்கள் பிழைக்கா. வானமெங்கும் சிதறி வரும் புறஊதாக் கதிருக்கோ கம்பம் ஒரு பொருட்டே அல்ல. வானிலை மையம் சொல்லும் 40 டிகிரியும் காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், அளந்ததுதான். வெயிலில் கிடக்கும் தோளுக்கென்று ஓர் அறிவிப்பும் கிடையாது.

குடை பிடித்தால் பாதித் தொல்லை தீரும். பெண்கள் பிடிக்கிறார்கள், இல்லாதபோது முந்தானையோ துப்பட்டாவோ தலைக்கு ஏறுகிறது. ஆண்கள் ஃபைலைத் தூக்கிப் பிடிப்பர், கைக்குட்டையை விரிப்பர், டிபன் பாக்ஸைக்கூட உயர்த்துவர். குடை மட்டும் மழைக்கு உரியது என்பது அவர்தம் துணிபு. இதை மடமை என்றே இவ்வாய்வாளன் கருதுகிறான்.

சென்ற ஏப்ரல் 24 அன்று களப்பணிக்குப் போனேன். 12.07க்கு நிழல் மறைந்தது; வரிசை கலையவில்லை. ஆறு பேர், கொளுத்தும் வெயிலில், இல்லாத நிழலில் ஒழுங்காக நின்றார்கள்.

“நிழல்தான் போயிடுச்சே சார்?” என்று முதலில் நின்றவரைக் கேட்டேன்.

“திரும்ப வரும்ல?”

“வரும். ஆனா அந்தப் பக்கம்ல விழும்.”

அவர் கம்பத்துக்குக் கிழக்கே ஒரு பார்வை பார்த்தார். “அதுக்காக இடத்தை விட முடியுமா? நீங்க பின்னாடி போங்க சார்.”

போனேன். பையில் குடை இருந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்தேன். மழை வரும்போல் தெரியவில்லை.